எண்ணுக்கு முன்னால் ஒரு வாக்கியம்

தமிழுக்கு இலக்கணம் ஐந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. எங்கள் திருவாமாத்தூரில் கௌமார மடம் கண்ட வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) அந்த ஐந்தோடு நிற்கவில்லை. பாடுகிறவனின் புலமைக்கும் இலக்கணம் உண்டு என்று சொல்லி, ஆறாவதாக அதையும் சேர்த்து ‘அறுவகை இலக்கணம்’ செய்தார். கண்ணெதிரே இருக்கும் ஒன்று பழைய வகைகளில் அடங்கவில்லையென்றால், அதை இழுத்து மடக்கித் திணிக்காமல் அதற்குரிய இடத்தைக் கேட்கும் துணிவு அது. இந்த வயதில் நான் இளம்பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தத் துணிவைப் பற்றித்தான்.

நான் விழுப்புரம் கடைவீதியில் கணக்கெழுதிப் பிழைத்தவன். 1959ஆம் வருஷத்துப் பொது விற்பனை வரிச் சட்டம், 2007இல் வந்த வாட், 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி என மூன்று காலத்துப் பேரேடுகளும் என் கையில் புரண்டவை. இன்றைக்கும் ஊர்ப் பிள்ளைகள் சிலர் திண்ணைக்கு வருகிறார்கள். முன்பு மளிகை, உரம், நெல் என்று பேசினார்கள். இப்போது வீடியோ. ஒருவன் மாடு கன்று வளர்ப்பைப் படம் எடுத்துப் போடுகிறான். ஒருத்தி சமையல் போடுகிறாள். இன்னொருவன் நடுநாட்டுக் கோயில்களைக் காட்டுகிறான். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பணமும் கடல் தாண்டித்தான் வருகிறது. சில பிள்ளைகள் தாங்களே கடல் தாண்டிப் போய், அந்த நாட்டுக்கு அயலாராக இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். “தாத்தா, ஃபார்ம்ல பிசினஸ் கோடு கேக்குது. எதைப் போடறது?”

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். “நீ இன்னா விக்கிற? யார் உனக்குக் காசு குடுக்கறாங்க? எதுக்காகக் குடுக்கறாங்க? ஒரே வரியில சொல்லு.” பெரும்பாலும் பதில் உடனே வருவதில்லை. “வீடியோ போடறேன் தாத்தா” என்பார்கள். அது செய்கிற காரியம். விற்கிற பொருள் வேறாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கென்று தரம் பிரித்தது ஜிஎஸ்டியில் வரியில்லாதது. வறுக்காமல் வேகவைக்காமல் விற்கிற மல்லாட்டை 1202 என்ற தலைப்பில் 5 சதவீதம். அதையே வறுத்து உப்புப் போட்டால் 2008 என்ற தலைப்புக்குப் போய்விடும். 2025 செப்டம்பர் 21 வரை அதற்கு 12 சதவீதம், அதன் பிறகு 5. செடி ஒன்று, நிலம் ஒன்று, விளைவித்த கை ஒன்று. எந்த நிலையில், எதற்காகக் கைமாறுகிறது என்பதை வைத்துத்தான் எண். வீடியோ தொழிலிலும் அப்படித்தான். அதே கேமரா, அதே ஆள். தன் சேனலில் போட்டு விளம்பரப் பங்கு வாங்கினால் ஒரு தொழில். ஒரு கம்பெனியின் பொருளைக் காட்டிப் பேசிக் காசு வாங்கினால் வேறு தொழில். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தால் மூன்றாவது. சேனலில் காட்டிய பருப்புப் பொடியைப் பொட்டலம் கட்டி அனுப்பினால் அது வியாபாரம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 1948இல் உலகத் தொழில்களுக்கெல்லாம் ஒரு பொது வகைப்பாடு செய்தது. இந்தியா 1962இல் தனக்கென ஒன்று வகுத்து, 1970, 1987, 1998, 2004, 2008 என்று திருத்திக்கொண்டே வந்தது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவில் கேட்கிற என்.ஐ.சி. கோடு என்பது 2008ஆம் வருஷப் பட்டியலாகவே வெகுகாலம் இருந்தது. யூடியூப் தொடங்கியது 2005இல். கிராமத்து வாய்க்கால் மேட்டில் சமைத்துக்கொண்டு ஒருவர் உலகத்துக்கே படம் காட்டிச் சம்பாதிப்பார் என்பதை அந்தப் பட்டியல் போட்டவர்கள் எப்படி அறிவார்கள்? புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. அவர்கள் செய்வது உணவுத் தொழிலா, சினிமாவா, விளம்பரமா? பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஐக்கிய நாடுகள் சபை 2023இல் ஏற்ற ஐந்தாம் திருத்தத்தில்தான் பதிப்பு, ஒலிபரப்பு, உள்ளடக்க ஆக்கம், அதன் விநியோகம் ஆகியவை சேர்ந்து தனிப் பிரிவாயின. நம் வருமான வரித் துறையும் 2025–26 மதிப்பீட்டு ஆண்டின் ஐடிஆர்-3, ஐடிஆர்-4 படிவங்களில் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கென்று 16021 என்ற எண்ணைச் சேர்த்தது. ஆறாவது இலக்கணம் மெதுவாகத்தான் வரும். ஆனால் வருகிறது.

இங்கிலாந்தில் லண்டனுக்குப் படிக்கப் போன எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவள் சமையல் படம் போடுகிறவள். நம் ஊர்க் கார அடையும் கருவாட்டுக் குழம்பும் அவளால் அங்குள்ள இலங்கைத் தமிழர் வீடுகளில் பேர் வாங்கின. சேனலில் பணம் வருகிற நிலை வந்ததும் எனக்குப் போன் செய்தாள். “தாத்தா, கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணலாம்னு பாக்கறேன். எஸ்.ஐ.சி. கோடு ஐந்து இலக்கத்துல கேக்குது. 59112 போடட்டுமா, 90030 போடட்டுமா?” எஸ்.ஐ.சி. என்பது அந்த நாட்டுத் தொழில் வகைப்பாட்டு எண். முன்னது வீடியோ தயாரிப்பு, பின்னது கலைப் படைப்பு.

“பாப்பா, நீ எந்த விசாவுல இருக்கே?” என்றேன்.

படிப்பு விசா. அந்த விசாவில் இருப்பவர்கள் அங்கே சொந்தத் தொழில் செய்யக் கூடாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் சம்பள வேலை பார்க்கலாம் என்ற அனுமதியைச் சொந்தத் தொழிலுக்கும் உண்டு என்று நம் பிள்ளைகள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 59112 தவறில்லை, 90030 தவறில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு எந்த எண்ணும் சரியில்லை. அதைச் சொன்னபோது அவள் குரல் சுருங்கிவிட்டது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து அவளை விசா சிக்கலில் தள்ளுவதைவிட அந்தக் கஷ்டம் தேவலை. சேனலின் காசு வாங்கும் வசதியை நிறுத்தி வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் விசா ஆலோசனை சொல்கிறவர்களிடம் எழுத்தில் கேள் என்றேன். செய்தாள்.

படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா வந்தது. அதில் சொந்தத் தொழிலுக்கு இடம் உண்டு. அதற்குப் பிறகுதான் எண்ணைப் பற்றிப் பேசினோம். கம்பெனி வேண்டுமா என்பதே முதல் கேள்வி. அங்கே தனியாளாகத் தொழில் செய்கிறவர், ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையிலான வரி ஆண்டில் செலவு கழிக்காத மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வருகிற அக்டோபர் 5க்குள் வரித் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவில் தொழிலை விவரித்தால் போதும். கம்பெனி என்று பதிந்தால்தான் எஸ்.ஐ.சி. பட்டியலிலிருந்து எண் எடுக்க வேண்டும். நான்கு எண்கள் வரை சேர்க்கலாம். அவளுக்குக் கடைகளின் விளம்பர வேலைகளும் வரத் தொடங்கியிருந்ததால் கம்பெனியாகவே பதிய நினைத்தாள்.

ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். முதலில் அனுப்பியது: “தமிழர் சமையல் கலையை உலகுக்குக் கொண்டு செல்கிறேன்.” நல்ல வாக்கியம்தான், மேடையில் பேச. காசு யார் தருகிறார்கள் என்பது அதில் இல்லை. மறுபடி எழுதினாள். மறுபடி. கடைசியில் வந்தது இது: “சமையல் வீடியோக்களைத் தயாரித்து என் சேனலில் வெளியிடுகிறேன், தளம் தரும் விளம்பரப் பங்கும், மளிகைக் கடைகள் தங்கள் பொருளைக் காட்டத் தரும் கட்டணமும் என் வருமானம்.” இதைப் படித்ததும் எண் தானே தெரிகிறது. வீடியோ தயாரிப்பு முதல் எண். கடைகளுக்காகச் செய்வது தனி விளம்பர வேலையாக வளர்ந்தால் அந்தப் பிரிவில் ஒரு எண் கூடும். கலைப் படைப்பு என்ற எண் கௌரவமாகத் தெரிகிறதே என்று ஆசைப்பட்டாள். கௌரவத்துக்காக எண் எடுத்தால், நாளைக்கு வங்கிக்காரரும் காப்பீட்டுக்காரரும் கேட்கும் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்லாது. கணக்கில் வருவது கடைக்காரர் கொடுத்த கட்டணம் என்றால், மேலே எழுதிய பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிரான்சில் இந்த விஷயத்தை வேறு விதமாகச் செய்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரி இருப்பதால் நம் பகுதியில் பிரான்ஸ் உறவு உள்ள குடும்பங்களுக்குக் குறைவில்லை. அங்கே 2023 ஜனவரி முதல் எல்லாத் தொழில் பதிவும் ஒரே அரசு இணையதளத்தில். தொழில் செய்கிறவர் தன் வேலையை விவரித்து எழுதுகிறார். அந்த நாட்டின் புள்ளியியல் நிறுவனமான இன்சே அதைப் படித்து நான்கு இலக்கமும் ஒரு எழுத்துமான ஏ.பி.இ. எண்ணைத் தருகிறது. வாக்கியம் நம்முடையது, எண் அவர்களுடையது. வாக்கியம் மங்கலாக இருந்தால் எண்ணும் தவறித்தான் வரும்; அதைத் திருத்தக் கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025இல் இன்னொன்று அறிவித்தார்கள். சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்கிறவர்கள் தொழில் உரிமத்தோடு ஊடக மன்றத்தின் விளம்பர அனுமதியும் வாங்க வேண்டும் என்று. துபாயில் வேலை பார்த்துக்கொண்டே ரீல்ஸ் போடுகிற நம் பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் சொந்தத் தொழில் நடத்தவே கூடாது.

நம் மாவட்டத்திலும் இதற்கு மறுபக்கம் உண்டு. 1968 பிப்ரவரியில் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே வந்து போகும் வெளிநாட்டவர்களில் கேமராவோடு வருகிறவர்கள் நிறைய. சுற்றுலா விசா என்பது சுற்றிப் பார்க்கத்தான். 2021இல் நியூசிலாந்து நாட்டு யூடியூபர் ஒருவர் இந்தியாவுக்குத் திரும்பி வர முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை விஷயம் போனது. விசா நிபந்தனையை மீறினார் என்பது உள்துறை தரப்பில் சொன்ன காரணம். லண்டனில் நம் பெண்ணுக்கு இருந்த கட்டுப்பாடும் இங்கே வரும் அயல்நாட்டவருக்கு இருக்கும் கட்டுப்பாடும் ஒரே ஜாதி.

ஊரிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கு வருகிறேன். இங்கேதான் அவசரம் அதிகம். பிரவுசிங் சென்டரில் உத்யம் பதிவு செய்யப் போகிறார்கள். பதிவு முற்றிலும் இலவசம், அரசு தளத்தில் ஆதாரும் பேன் எண்ணும் போதும். அதற்கே காசு கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன, கவனம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி முன்னால் போன ஆளுக்குப் போட்ட எண்ணையே இவனுக்கும் போட்டு விடுகிறான். அது வியாபாரத்துக்குரிய எண்ணாக இருந்தால் என்ன நஷ்டம்? மத்திய அரசு 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளை உத்யத்தில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பலனோடுதான் சேர்த்தது. சேவைத் தொழில் என்று பதிந்த குறுந்தொழிலுக்கோ 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வேலை வாங்கிய கம்பெனி 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். ஒரு கம்பெனிக்கு விளம்பர வீடியோ எடுத்துக் கொடுத்துவிட்டு, காசுக்காக மாதக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் துணி வியாபாரம் என்று இருந்தது. அவன் வாழ்நாளில் துணி விற்றதே இல்லை.

வருமான வரியில் ஆசை வேறு உருவில் வரும். சிறு வியாபாரிக்கு உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தையும் ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டினால் போதும். சட்டம் பட்டியலிட்ட தொழில்முறையாளர்களுக்கு அது 50 சதவீதம். வரவு வரம்பு 50 லட்சம், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். ஆறா, ஐம்பதா? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் கை வியாபாரத்தின் பக்கம்தான் போகும். கண்ணு, அந்தக் கையைப் பிடித்து நிறுத்து. படிவத்தில் 16021 வந்துவிட்டது என்பதாலேயே எந்த முறை உனக்குப் பொருந்தும் என்பது முடிவாகிவிடாது. ஆடிட்டரிடம் உன் வாக்கியத்தைக் காட்டிக் கேட்டு முடிவு செய். ஒரு நாள் ஆடிட்டர் கட்டணம் பின்னால் வரும் நோட்டீசைவிட எப்போதும் சிறியது. உனக்குப் பணம் தந்த கம்பெனியும் தன் பக்கத்தில் வரி பிடித்து, எதற்காகத் தந்தோம் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. உன் பெயரில் ஓர் எண், அவர்கள் எழுதியதில் வேறு வேலை என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

காசாக வராததையும் மறக்கக் கூடாது. விளம்பரத்துக்காக ஒரு கம்பெனி மொபைல் அனுப்புகிறது. படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது உனக்கு வருமானம் ஆகாது. நீயே வைத்துக்கொண்டால் ஆகும். 2022 ஜூனில் வந்த வருமான வரித் துறையின் 12ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொன்னது. அப்படித் தருகிற பொருளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது அந்த ஜூலை முதல் நடைமுறை.

இன்னொரு எண் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போது, எதற்காக வந்த பணம் என்று ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு போட வேண்டும். கவுன்ட்டரில் கேட்பார்கள், “எதுக்குங்க இந்தப் பணம்?” என்று. பிள்ளை விழிப்பான். “சொந்தக்காரங்க அனுப்பினதா?” “ஆமாங்க.” முடிந்தது: பி1301, குடும்பப் பராமரிப்பு. உழைத்து வந்த காசு அண்ணன் அனுப்பிய காசாக ஏட்டில் ஏறிவிட்டது. விளம்பர வருமானத்துக்கு பி1007 என்று தனி எண் இருக்கிறது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டு வரவும் அந்தக் கணக்கில் சேரும். இணைய விளம்பர இடத்தை விற்பதற்கு 998365 என்று சேவைக் குறியீடு. அந்தச் சேவையை வாங்குகிறவர் வெளிநாட்டில் இருந்து, பணம் அன்னியச் செலாவணியில் வந்து, ஏற்றுமதிக்குரிய மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரியில்லாமல் அனுப்பலாம். ஏற்றுமதி என்று காட்ட வங்கிச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் குடும்பப் பராமரிப்பு என்று இருந்தால் எதை வைத்து வாதாடுவது?

எங்கள் ஊர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வழக்குத் தீராதவர்கள் இங்கே வந்து சத்தியம் செய்துகொண்டார்கள். படிவத்தின் அடியில், மேலே சொன்னதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று ஒரு வரி இருக்கிறதே, டிக் அடித்துவிட்டுப் போகிறோமே, அதுவும் அப்படிப்பட்ட இடம்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சிரிக்கமாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாறை தெரியும்.

இரட்டைப் புலவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்றும், அரங்கேற்றத்தன்று கேள்வி எழுந்ததும் இரவோடு இரவாக வெள்ளம் வந்து பம்பை ஆறே பாட்டுக்கேற்பத் திசை மாறியது என்றும் ஒரு கதை உண்டு. அது அவர்கள் வாக்கின் பலம். நமக்காக ஆறு மாறாது. ஏட்டைத்தான் நாம் மாற்ற வேண்டும், அதுவும் தொழில் மாறிய உடனே. உத்யம் சான்றிதழில் எண்ணைச் சேர்க்கலாம், நீக்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. யூடியூப் வருமானத்துக்காகக் கூகுளில் கொடுக்கும் வரிப் படிவத்தில் எந்த நாட்டின் வரிவாசி என்பதை, குடிபெயர்ந்த பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் இருக்கிறவர் சரியாகக் கொடுத்தால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வரும் பங்கில் 15 சதவீதம் பிடிப்பார்கள், படிவமே கொடுக்காதவருக்கு மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம்.

லண்டன் பெண் போன வாரம் பேசினாள். அம்மா அனுப்புவது போன்ற பருப்புப் பொடியையும் கருவேப்பிலைப் பொடியையும் அங்கேயே அரைத்து விற்கப் போகிறாளாம், பார்க்கிறவர்கள் விடாமல் கேட்கிறார்களாம். நல்லது, செய் என்றேன். இணைய வழிச் சில்லறை விற்பனைக்கு 47910 என்ற எண் இருக்கிறது. கம்பெனி வருஷாவருஷம் கொடுக்கும் உறுதி அறிக்கையில் அதையும் சேர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் விற்கத் தொடங்குவதற்கு 28 நாள் முன்னதாக உள்ளூர் கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். இப்போது தங்கியிருக்கும் விசா எப்போது முடிகிறது, அதற்குப் பிறகு எந்த விசா, அதில் இந்தத் தொழில் நடக்குமா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் தாத்தா என்றாள். “வாக்கியத்தையும் மறுபடி எழுதி அனுப்பு பாப்பா, பொடியையும் சேத்து” என்றேன்.